இரண்டு மலைகள், இரண்டு கோடைகள்: வீட்டில் படித்த பிள்ளைகளும் விடுமுறைப் பாடமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

என் நாத்தனார் மகளும் அவள் கணவரும் கோவையில் இருக்கிறார்கள். தங்கள் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். ஹோம் ஸ்கூலிங் என்று சொல்கிறார்கள். பெண்ணுக்குப் பதினொரு வயது, பையனுக்கு எட்டு. "அத்தை, ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கும் பாடத்திட்டம் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டாள். தானே ஒரு அட்டவணையும் வரைந்து அனுப்பியிருந்தாள். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை கட்டம் கட்டமாக இருந்தது. கணக்கு, ஆங்கிலம், அறிவியல், இந்தி, ஓவியம், அபாகஸ் என்று ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

அவள் பயம் எனக்குப் புரிகிறது. "பள்ளிக்கூடமே போகாத பிள்ளைகள்" என்று சொந்தபந்தம் எல்லாம் ஒரு மாதிரிப் பார்க்கிறது. பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு. ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு ஏப்ரல் மாதத்தில் லாங் பெல் அடித்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதை அடிக்க யார் இருக்கிறார்கள்?

அவளுக்குப் போனில் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதலாம் என்று தோன்றியது. கோடை வந்தால் பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்வி உங்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. சரித்திரத்தில் இதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்த இரண்டைச் சொல்கிறேன்.

முதல் கோடை 1873-ஆம் ஆண்டு. இடம் இமயமலையில் உள்ள டல்ஹவுசி.

இரவீந்திரநாத் தாகூருக்கு அப்போது பன்னிரண்டு வயது ஆகப்போகிறது. கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்ற இடத்தில் பெரிய வீடு, பெரிய குடும்பம். பிள்ளைகளின் படிப்பை அண்ணன் ஹேமேந்திரநாத் கவனித்தார். விடியுமுன்பே மல்யுத்தப் பயிற்சி. பிறகு எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு எலும்புகளின் பெயர்கள். அதன்பின் சிலேட்டோடு கணக்கு. அப்புறம் பள்ளிக்கூடம். மாலையில் திரும்பினால் உடற்பயிற்சி, ஓவியம். விளக்கு வைத்தபின் ஆங்கில வாத்தியார். தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் அந்தப் பாடம் நடந்ததைத் தாகூர் பின்னாளில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். என் நாத்தனார் மகளின் அட்டவணையைப் பார்த்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது!

அந்த ஆண்டு தொடக்கத்தில் சிறுவனுக்குப் பூணூல் போட்டார்கள். மொட்டைத் தலையோடு எப்படிப் பள்ளிக்குப் போவது என்று அவன் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, "என்னோடு இமயமலைக்கு வருகிறாயா?" என்று தந்தை தேவேந்திரநாத் கேட்டார். சிறுவனுக்குத் தலைகால் புரியவில்லை. பெரும்பாலும் பயணத்திலேயே இருந்த தந்தை அவர். அவரோடு இத்தனை நாள் தனியாக இருக்க அதுவரை வாய்த்ததில்லை.

முதலில் போல்பூரில் தங்கினார்கள். பிற்காலத்தில் சாந்திநிகேதன் பள்ளி உருவான இடம் அதுதான். மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களில் சிறுவன் சுற்றித் திரிந்து, விதவிதமான கூழாங்கற்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்து தந்தைக்குக் காட்டினான். "குப்பையை ஏன் கொண்டுவருகிறாய்?" என்று அவர் கேட்கவில்லை. அழகாக இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். தோட்டத்தில் இருந்த மண்மேட்டை அவற்றால் அலங்கரிக்கச் சொன்னார்.

பையனிடம் ஒரு சிறு பணப்பெட்டியையும் கொடுத்து வரவுசெலவுக் கணக்கு எழுதச் சொன்னார். கணக்கு ஒருநாளும் சரியாக வரவில்லை. ஒருமுறை கணக்கில் இருந்ததைவிடக் கையிருப்பு கூடுதலாக இருந்தது. உன்னையே காசாளராக வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே, உன் கையில் பணம் வளர்கிறதே என்று தந்தை சிரித்தாராம். விலை உயர்ந்த தங்கக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்கும் வேலையையும் அவனிடமே விட்டார். பையன் அளவுக்கு மீறிச் சாவி கொடுத்ததில் அது ரிப்பேருக்காகக் கல்கத்தா போனது. அதற்காகப் பொறுப்பு எதையும் அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அமிர்தசரஸில் ஒரு மாதம் போலத் தங்கிவிட்டு, சித்திரை பிறக்கும் சமயத்தில் டல்ஹவுசி மலைக்கு ஏறினார்கள். அங்கே இருட்டு விலகுமுன் எழுந்து சமஸ்கிருத வேற்றுமை வடிவங்களை ஒப்பிக்க வேண்டும். பிறகு தந்தையோடு நடை. திரும்பி வந்து ஆங்கிலப் பாடம். அதன்பின் உறைய வைக்கும் தண்ணீரில் குளியல்! மதியப் பாடத்தில் பையன் தூங்கி விழுந்தால் தந்தை விட்டுவிடுவார். விட்டதும் தூக்கம் பறந்துவிடும்! இரும்புப் பூண் போட்ட தடியை எடுத்துக்கொண்டு பையன் மலைச்சரிவுகளில் தனியே அலைவான். அவர் தடுத்ததே இல்லை. இரவில் முற்றத்தில் அமர்ந்து விண்மீன்களைக் காட்டி வானியல் சொல்லித் தருவார்.

1937-இல், எழுபத்தாறு வயதில், தாகூர் 'விஸ்வ பரிச்சய்' என்ற அறிவியல் நூலை வங்காளியில் எழுதினார். அதை இயற்பியல் அறிஞர் சத்தியேந்திரநாத் போஸுக்குக் காணிக்கையாக்கினார். அதன் முன்னுரையில் அந்த டல்ஹவுசி இரவுகளை நினைவுகூர்கிறார். அப்பா சொன்ன வானியலைத் தன் பிள்ளைக் கையால் எழுதிவைத்ததாகவும், தாம் தொடர்ந்து எழுதிய முதல் உரைநடை அதுதான் என்றும் சொல்கிறார். அறுபத்துநான்கு வருடம் ஒரு பாடம் மனத்தில் நின்றிருக்கிறது!

இனி இரண்டாவது கோடை. 1928-ஆம் ஆண்டு. இதிலும் ஒரு மலை, ஒரு தந்தை. ஆனால் இந்தத் தந்தை குழந்தையோடு மலைக்குப் போக முடியாதவர்.

ஜவாஹர்லால் நேருவும் வீட்டில் படித்த பிள்ளைதான். பதினைந்து வயதில், 1905-இல், இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியில் சேரும்வரை அவருடைய படிப்பு பெரும்பாலும் அலகாபாத் ஆனந்த பவனத்தில், தனி ஆசிரியர்களிடம்தான் நடந்தது. அவர்களில் ஃபெர்டினாண்ட் புரூக்ஸ் என்பவரை அன்னி பெசன்ட் அம்மையார் பரிந்துரைத்தார். அவர் ஏறக்குறைய மூன்று வருடம் இருந்தார். நிறையப் புத்தகம் படிக்க வைத்தார். வீட்டிலேயே ஒரு சின்ன ஆய்வுக்கூடமும் அமைத்துப் பௌதிக, ரசாயனச் சோதனைகள் செய்ய வைத்தார். அந்த ருசியை நேரு கடைசிவரை விடவில்லை.

அவருடைய மகள் இந்திராவின் படிப்போ துண்டு துண்டானது. போராட்டம், சிறை, தாய் கமலாவின் நோய், அதற்காக 1926, 27-இல் ஐரோப்பா வாசம் என்று ஊர்கள் மாற, பள்ளிகளும் மாறின. நடுநடுவே வீட்டுப் பாடம். 1928 கோடையில் பத்து வயது இந்திரா முசௌரி மலையில் இருந்தாள். நேரு கீழே சமவெளியின் வெக்கையில் இருந்தார். சைமன் கமிஷனை எதிர்த்து நாடே கொதித்துக்கொண்டிருந்த வருடம் அது. அந்த நெருக்கடியிலும் அவர் உட்கார்ந்து மகளுக்குக் கடிதங்கள் எழுதினார். மொத்தம் முப்பது. மறுவருடம் அவை நூலாக வந்தன. பிரேம்சந்த் அதை இந்தியில் மொழிபெயர்த்தார்.

ஒரு ஆசிரியராக அந்த முப்பது கடிதங்களையும் ஒரு பாடத்திட்டமாகத்தான் நான் படிக்கிறேன்.

எங்கள் ஆசிரியர் பயிற்சியில் ஹெர்பார்ட்டின் ஐந்து படிகளை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்துதல். 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு' என்று பாடக்குறிப்பேட்டில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! நேரு இந்தப் பயிற்சி எதுவும் பெறாதவர். ஆனால் முதல் கடிதத்திலேயே அதைச் செய்துவிடுகிறார். உலகத்தின் கதையைச் சொல்ல வந்தவர் ஒரு உருண்டையான கூழாங்கல்லை எடுத்துக்கொள்கிறார். இது ஏன் உருண்டையாக இருக்கிறது? பாறையிலிருந்து உடைந்தபோது கூர்மையாகத்தானே இருந்திருக்கும்? மழைநீர் தள்ளி, ஓடையில் உருண்டு, ஆற்றில் தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. இன்னும் போயிருந்தால் மணலாகியிருக்கும். மனிதன் எழுதிய புத்தகம் இல்லாத காலத்தைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும் என்ற பெரிய கேள்விக்கு அந்தச் சின்னக் கல்லே துணைக்கருவி ஆகிவிட்டது.

பிறகு வரிசையைப் பாருங்கள். பூமி உண்டான விதம், முதல் உயிர்கள், விலங்குகள், மனிதன், மொழிகள், குலங்கள், வேளாண்மை, குலத்தலைவன் அரசனாக மாறிய கதை, பழைய நகரங்கள், கடல் வாணிகம், எழுத்தும் எண்ணும். கடைசியில் இராமாயணமும் மகாபாரதமும். ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. ஒரே நூலில் கோத்த மணிகள். கடைசிக்குச் சற்று முன்னால், புதிதாக எதையும் சொல்லாமல், இதுவரை எழுதியதை யோசித்துப் பார் என்று ஒரு கடிதம் வருகிறது. மீள்பார்வைப் பாடம்!

அந்தக் கடிதங்களில் உள்ள சரித்திரம் சில இடங்களில் பழையதாகிவிட்டது. இத்தனை வருடத்து அகழாய்வுக்கும் ஆராய்ச்சிக்கும் பிறகு அது இயல்புதான். ஆனால் அந்தக் கோடை வீணாகவில்லை. இந்திரா பின்னாளில் ஒரு பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், இயற்கையை ஒரு புத்தகமாகப் பார்க்க அவை கற்றுக்கொடுத்தன என்று சொல்கிறார். கற்கள், செடிகள், பூச்சிகள், இரவில் விண்மீன்கள் என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்ததையும் நினைவுகூர்கிறார். நேருவும் அதோடு நிறுத்தவில்லை. 1930 முதல் 1933 வரை, பெரும்பாலும் சிறையிலிருந்தே, 196 கடிதங்களில் உலக சரித்திரத்தை மகளுக்கு எழுதி முடித்தார்.

இரண்டு கோடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொதுவாகச் சில விஷயங்கள் தெரியும். இரண்டிலும் கல் இருக்கிறது. இரண்டிலும் வருடம் முழுக்க நடக்கும் பாடத்தையே கோடையிலும் நீட்டிக்கவில்லை. தேவேந்திரநாத் சமஸ்கிருதத்தை விடவில்லை என்பது உண்மைதான். ஆனால் மலையில் பகலின் பெரும்பகுதியைப் பையனுக்கே விட்டுவிட்டார். எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டிலும் வேலை மிகுந்த ஒரு பெரியவர், தமக்குப் பிடித்த ஒன்றைத் தாமே குழந்தையிடம் சொல்கிறார். ஒருவருக்கு விண்மீன், மற்றவருக்குச் சரித்திரம். வாத்தியார்கள் இரண்டு வீட்டிலும் இருந்தார்கள். இந்த வேலையை இருவரும் அவர்களிடம் ஒப்படைக்கவில்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, பள்ளிக்கூடமே வேண்டாம்" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். நான் முப்பத்துநான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் நின்றவள். இவை இரண்டும் பெரும் செல்வர் வீடுகள். வேலையாட்கள், நூலகம், மலைவாசம் எல்லாம் அவர்களுக்கு இருந்தன. நேரு இந்தக் கடிதங்களை எழுதி மூன்று வருடம் கழித்து எடுத்த 1931 கணக்கெடுப்பில், இந்தியாவில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் பள்ளிக்கூடம் வந்தது. உங்களில் எத்தனை பேர் வீட்டின் முதல் பட்டதாரிகள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை வெறுத்துச் சில வருடங்களில் படிப்பை நிறுத்திக்கொண்ட தாகூர் பிற்காலத்தில் என்ன செய்தார்? 1901 டிசம்பரில், தாம் கல் பொறுக்கிய அதே போல்பூரில், ஐந்து பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். தம் மூத்த மகன் ரதீந்திரநாத்தையும் அங்கேதான் சேர்த்தார். மரத்தடியில் வகுப்பு. சுவர் வேண்டாம் என்றுதான் நினைத்தார். கூடப் படிக்கும் பிள்ளைகள் வேண்டாம் என்று நினைக்கவில்லை. மகளுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதிய நேருவும் 1934-இல் இந்திராவை அங்கேதான் அனுப்பிவைத்தார். தந்தை எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடவும் பென்சில் கடன் வாங்கவும் இன்னொரு பிள்ளை வேண்டும்.

நாத்தனார் மகளிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். ஜூன் முதல் மார்ச் வரை தெருப்பிள்ளைகள் எல்லாம் பள்ளியில் இருப்பார்கள். உன் பிள்ளைகளுக்குப் பகலில் துணை இல்லை. ஏப்ரல், மே மாதத்தில்தான் தெருவே அவர்களுக்குக் கிடைக்கிறது. அந்த இரண்டு மாதத்தையும் எட்டு முதல் ஐந்து வரை கட்டம் போட்டு அடைத்துவிட்டால், அந்தப் பிள்ளைகள் பழகுவது எப்போது? மற்ற வீடுகளில் கோடையில் பாடம் வேண்டுமா என்று கேட்கலாம். உன் வீட்டில் கோடையில் பகலைக் காலியாக விடுவதுதான் முதல் பாடத்திட்டம்.

அதற்காக ஒன்றுமே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளுக்குப் போட்டுக் கொடுத்த திட்டம் இதுதான். வேண்டியதை உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

காலை ஆறரை முதல் எட்டரை வரை பாடம். அதற்குமேல் கிடையாது. கத்திரி வெயிலில் யாருக்கும் எதுவும் ஏறாது. எட்டு வாரத்துக்கும் ஒரே பொருள்: நொய்யல் ஆறு. கோவைப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. முதல் வாரம், ஆற்றுப்படுகையில் ஆளுக்குப் பத்துக் கல் பொறுக்கி, கூர்மையானது, வழுவழுப்பானது என்று தரம் பிரித்து, ஏன் என்று கேட்பது. விடை சொல்லிவிடக் கூடாது. அடுத்து வரைபடம். வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறக்கும் ஆறு பேரூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்வதை அவர்களே வரைய வேண்டும். குளங்களுக்கு அதன் தண்ணீர் எந்த வாய்க்காலில் போகிறது என்று ஒரு வாரம் பார்க்கலாம். தூரங்களைக் கூட்டுவதும், ஆற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதும் கணக்கும் தமிழும் ஆகிவிடும்.

பிறகு ஒருநாள் ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலுக்குப் பயணம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே இரும்பு உருக்கினார்கள், மணிக்கற்களைப் பட்டை தீட்டினார்கள். தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. மேற்குக் கடற்கரைக்கும் கரூருக்கும் இடையே போன பழைய வணிக வழியில் அந்த ஊர் இருந்தது. ஆற்றில் பொறுக்கிய கல்லிலிருந்து ரோம் வரைக்கும் கதை போகும்.

கடைசி வாரத்தில் இன்றைய ஆற்றைப் பார்க்க வேண்டும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, அந்தத் தண்ணீர் பயிருக்கே ஆகாமல் போனது. நாம் போட்டிருக்கும் பனியனுக்கும் அந்தத் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். பனியன் தைத்துச் சாப்பிடும் குடும்பங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெண்ணுக்கு ஒரு பொறுப்பு: வீட்டின் மளிகை, காய்கறிக் கணக்கு. பணத்தையே கையில் கொடுத்துவிட வேண்டும். கணக்கு உதைத்தால் தேவேந்திரநாத் மாதிரிச் சிரித்துவிட்டு மறுபடியும் கொடுக்க வேண்டும். பையனுக்கு மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் வேலை. என்னென்ன பறவை வந்தது என்று எழுதிவைப்பதும் அவனே.

அவர்கள் அப்பாவுக்கும் வேலை உண்டு. இரவில் மொட்டை மாடியில் பாய் விரித்து, வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் காட்ட வேண்டும். அவருக்கு வேறு ஏதாவது பிடிக்குமென்றால் அதைச் சொல்லட்டும். மோட்டார் ரிப்பேரோ பழைய பாட்டோ எதுவானாலும் சரி. வாரம் ஒருமுறை பிள்ளைகள் எனக்கும் தாத்தாவுக்கும் கடிதம் எழுத வேண்டும். அந்த வாரம் பார்த்தது ஒன்று, புரியாதது ஒன்று. தேர்வு இதுதான். வேறு தேர்வு வேண்டாம்.

எட்டரை மணிக்குமேல் வாசற்கதவு திறந்திருக்க வேண்டும். மற்ற பிள்ளைகளும் கல் பொறுக்க வந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கோடையில் கேட்கும் கேள்விகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். எனக்குத் தெரியாததற்கு விடை சொல்ல நம்மிலேயே ஆட்கள் இருக்கிறீர்கள். என் வகுப்பில் இருந்தவர்களில் இப்போது நர்ஸ் உண்டு, கொத்தனார் உண்டு, சாயப்பட்டறை மேற்பார்வையாளர் உண்டு, ரயில்வேயில் சிக்னல் பார்ப்பவர் உண்டு, விவசாயி உண்டு. அவரவர் தொழிலைப் பற்றிய கேள்வி வந்தால், அவரவரே அந்தப் பிள்ளைக்கு நாலு வரி எழுதுங்கள். கையால் எழுதிப் படம் எடுத்துப் போட்டாலும் போதும்.

அன்புடனும் ஆசியுடனும்,
உங்கள் டீச்சர்.